இருபது வளைவு, இருபது போன்

(சேலம் புதுப் பஸ் நிலையம் அருகே தட்டுவடை செட் வண்டி. கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி எல்லாம் இரண்டு தட்டுவடைக்கு நடுவே. ஒரே வாயில் போடத் தெரியாதவர் சேலத்துக்காரரே இல்லை. குமாரின் மனைவி ஏற்காட்டுக்குச் சித்தி வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். குமாரோடு நிற்பவன் அவள் தம்பி செல்வம்.)

குமார்: ஏழாவது வளைவு வரைக்கும் பேசினாள் மாப்ள. எட்டாவதில் டவர் போய்விட்டது.

செல்வம்: ஒவ்வொரு கொண்டை ஊசிக்குமா கூப்பிட்டீர்கள்?

குமார்: இருபதுக்கும் நம்பர் போட்டுப் போர்டு வைத்திருக்கிறார்களே!

செல்வம்: அது டிரைவருக்கு மாமா. புருஷனுக்கு இல்லை. சரி, காரம் போடவா என்று அந்த அம்மா கேட்கிறார்.

குமார்: எனக்குக் காரம் ஆகுமா?

செல்வம்: என்னைக் கேட்கிறீர்களா?

குமார்: அந்தக் கணக்கெல்லாம் உன் அக்காதான்.

செல்வம்: பி.எட்.டில் படித்தேன். அமெரிக்காவில் பால்டிமோரில் மேரி ஐன்ஸ்வொர்த் என்று ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர். ஒரு வயசுக் குழந்தையை அறையில் விட்டுவிட்டுத் தாயை மூன்று நிமிஷம் வெளியே போகச் சொல்வார். திரும்பி வந்ததும் பல குழந்தைகள் சமாதானமாகி விளையாடப் போய்விடும். சிலது மட்டும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும், அப்புறம் அவளையே உதைக்கும். போன தடவை அக்கா திரும்பி வந்தபோது என்ன செய்தீர்கள்?

குமார்: இரண்டு நாள் பேசவில்லை.

செல்வம்: ம்.

குமார்: சாப்பாடு மட்டும் கேட்டேன்.

செல்வம்: ம்ம்.

குமார்: உங்கள் சித்தி தோட்டத்தில் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறுகிறதே, அதை யாராவது குறை சொல்கிறார்களா?

செல்வம்: கொடிக்கு மண்ணில் சொந்த வேர் இருக்கிறது மாமா. மரத்தைப் பிடித்துக்கொள்ளும், சாற்றை உறிஞ்சாது. புல்லுருவிதான் கிளைக்குள்ளேயே வேர் விடும்.

குமார்: நான் கொடி.

செல்வம்: சரி கொடி, காரம் வேண்டுமா வேண்டாமா?

(போன் அடிக்கிறது. குமார் கையிலிருந்த தட்டு செல்வத்தின் கைக்குப் போகிறது.)

குமார்: ஹலோ... ம்... சரி... சரி. (வைக்கிறார்.) போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நாளைக் காலையில்தான் பேசுவாளாம்.

செல்வம்: பிறகு ஏன் சிரிக்கிறீர்கள்?

குமார்: காரம் போடாமல் சாப்பிடச் சொன்னாள்.

செல்வம்: நீங்கள் கேட்கவே இல்லையே!

குமார்: வண்டிக்கார அம்மாவின் குரல் காதில் விழுந்திருக்கும்.

செல்வம் (வண்டிப் பக்கம் திரும்பி): அம்மா, அவருக்குக் காரம் வேண்டாம். அதையும் சேர்த்து எனக்குப் போடுங்கள்.