ஜப்பான் கிழக்கு ஆப்பிரிக்காவில் விற்றது போதும், இனி அங்கே செய்யட்டும்

ஆப்பிரிக்காவில் ஜப்பான் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் "சீனாவுக்குப் போட்டி" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் யோக்கஹாமாவில் ஜப்பானும் ஆப்பிரிக்க நாடுகளும் கூடும் ஒன்பதாவது டிகாட் மாநாடு நடந்தபோதும் இதே பேச்சுதான். நான் சில ஆண்டுகளாக நைரோபியில், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் கிளியர் செய்து கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் காகிதங்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. இங்கிருந்து பார்க்கும்போது எனக்குச் சீனா பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. ஜப்பான் இங்கே எவ்வளவு விற்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே எதைத் தயாரிக்கிறது, இங்கிருந்து எதை வாங்குகிறது? அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

முதலில் கார். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றிலும் நம் ஊர் மாதிரி சாலையின் இடப்பக்கம்தான் வண்டி ஓடும், ஜப்பானிலும் அப்படியே. அதனால் அங்கே ஓடிய கார் எந்த மாற்றமும் இல்லாமல் இங்கே ரோட்டில் இறங்கிவிடும். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டில் முதல் தகுதிச் சோதனை, அப்புறம் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நல்ல செலவு. ஏழாம் ஆண்டுச் சோதனை நெருங்கும்போது "இனி இதில் எதற்குக் காசு போட வேண்டும்" என்று பலர் வண்டியை விற்றுவிடுகிறார்கள், அது ஏலத்துக்குப் போகிறது. கென்யாவின் சட்டப்படி 8 ஆண்டைத் தாண்டிய காரை இறக்க முடியாது. இரண்டு கணக்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வண்டியின் நிலையை எழுதித் தரும் ஏலத் தாள், அதிலுள்ள கிரேடு, கப்பல் ஏறும் முன் பரிசோதனை, மொம்பாசாவில் சுங்கம், வரிக்கு மேல் வரி. இலங்கையில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. டொயோட்டா விட்ஸும் ஆக்வாவும் தேடித் தேடி வாங்கியவர்களுக்கு ஏலத் தாள் படிக்க என்னைவிட நன்றாகத் தெரியும்.

இப்படி வந்த ஒரு டொயோட்டா ப்ரோபாக்ஸில் ஏறிச் சாவியைத் திருப்பினால், ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லை என்கிறது அந்தக் குரல். ஜப்பானின் நெடுஞ்சாலைக்கான அட்டை அது. கென்யாவின் மேருவில் காய்கறி மூட்டை ஏற்றும் டிரைவர் தினமும் காலையில் அதைக் கேட்டுக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புகிறார். ரேடியோ போட்டால் பாதி ஸ்டேஷன் வராது. ஜப்பானில் எஃப்எம் 76-ல் தொடங்கி 90-களிலேயே முடிந்துவிடும். கென்யாவில் 108 வரை போகும். அதைச் சரிக்கட்ட பேண்ட் எக்ஸ்பேண்டர் என்று ஒரு சின்ன டப்பாவைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

இருந்தும் இந்த வண்டிகள் மீது இங்குள்ளவர்களுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன். நைரோபியின் கிரின்யாகா ரோட்டில் வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். "எக்ஸ்-ஜப்பான்" என்று சொன்னாலே விலை ஒரு படி ஏறும். ஜப்பானில் கழற்றிய பழைய பாகம் என்றுதான் அதற்கு அர்த்தம், ஆனால் புதிதாக வரும் டூப்ளிகேட்டைவிட அதைத்தான் ஃபுண்டி, அதாவது மெக்கானிக், கேட்டு வாங்குவார். சைடு மிரர் திருட்டுக்குப் பயந்து கண்ணாடியிலேயே வண்டி நம்பரைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பாகத்துக்கு அவ்வளவு கிராக்கி. எந்தக் கிராமத்தில் வண்டி நின்றுபோனாலும் அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார். இந்த நம்பிக்கையை எந்த மாநாடும் உண்டாக்கவில்லை. கையில் கிரீஸ் படிந்த ஆயிரக்கணக்கான ஃபுண்டிகள் பல பத்தாண்டுகளாக உண்டாக்கியது அது.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், அந்த வண்டி இவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே இல்லை. அங்கே மிஞ்சியது இங்கே வருகிறது. அது நல்ல பொருளாகவும் இருப்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

வாங்குபவரை மனதில் வைத்து ஒருவர் பொருள் செய்தால் என்ன ஆகும் என்பதை மோட்டார் சைக்கிளில் பார்க்கலாம். கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க ஓடும் போடா போடா, அதாவது பைக் டாக்சி, பெரும்பாலும் இந்திய வண்டிதான்: பஜாஜ் பாக்ஸர், அதற்குப் போட்டியாக நம் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸ். நீளமான சீட், பின்னால் மூட்டை தாங்கும் கேரியர், எளிய எஞ்சின், மலிவான பாகம். செம்மண் ரோட்டில் இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் சுமந்து நாள் முழுக்க ஓட வேண்டும், சாயங்காலம் கடன் தவணைக்குக் கையில் காசு நிற்க வேண்டும். இந்தத் தேவையைப் படித்துச் செய்த வண்டிகள் அவை. உலகத்துக்கே மோட்டார் சைக்கிள் செய்யக் கற்றுக்கொடுத்த ஹோண்டா, 2013-ல் கென்யாவிலேயே அசெம்பிளி தொடங்கியது. ஆனாலும் நைரோபியில் ஒரு போடா போடா ஸ்டாண்டில் போய் நின்று பாருங்கள், எந்தப் பெயர் அதிகம் என்று தெரியும்.

இத்தனைக்கும் ஜப்பானுக்கு இது தெரியாத வித்தை அல்ல. டொயோட்டா குழுமத்தின் வர்த்தக நிறுவனமான டொயோட்டா சூஷோவோடு 2006-ல் இணைந்த டோயோ மென்கா என்ற பருத்தி வர்த்தக நிறுவனம், 1920-களிலேயே உகாண்டாப் பருத்தியை வாங்கிக்கொண்டிருந்தது. 1926-ல் ஒசாகா ஷோசென் கப்பல் நிறுவனம் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு நேரடிக் கப்பல் விட்டது. இங்கிருந்து பஞ்சு போனது, அங்கிருந்து துணி வந்தது. எல்லா நாட்டுச் சரக்கையும் சமமாக நடத்தச் சொன்ன காங்கோ படுகை ஒப்பந்தப்படி ஜப்பான் துணிக்கு மட்டும் தனி வரி போட பிரிட்டிஷாருக்கு வழியில்லை. 1930-களில் மான்செஸ்டர் துணியை ஜப்பான் துணி இங்கே தூக்கி அடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காங்கா வந்தது. இங்குள்ள பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொள்ளும் பருத்தித் துணி. ஒவ்வொன்றின் கரையிலும் ஒரு சுவாஹிலி வாசகம் இருக்கும். 1950-களிலும் 60-களிலும் அந்தத் துணியில் கணிசமான பங்கு ஜப்பானில் அச்சானது. மொம்பாசாவின் இந்திய வணிகர்கள் வடிவத்தையும் வாசகத்தையும் எழுதி அனுப்ப, சுவாஹிலி தெரியாத ஜப்பானியத் தொழிலாளர்கள் பிழையில்லாமல் அச்சடித்து அனுப்பினார்கள். ஒரு பாட்டி மருமகளிடம் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லும் துணி அது! அவ்வளவு நெருக்கமாக இந்தச் சந்தையைப் புரிந்துகொண்டவர்கள்தான் பிறகு ஏலத்தில் மிஞ்சிய காரோடு நின்றுவிட்டார்கள்.

சரி, ஜப்பான் இங்கே கட்டியதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மொம்பாசாவின் இரண்டாவது கன்டெய்னர் முனையம் ஜப்பான் கடனில் எழுந்தது; முதல் கட்டம் 2016-ல் முடிந்தது. உகாண்டாவின் ஜிஞ்சாவில் நைல் நதி மேல் 525 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் கேபிள் பாலத்தை 2018-ல் திறந்தார்கள். கென்யாவில் நைவாஷா பக்கத்தில் ஒல்காரியாவில் பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியில் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே 2014, 2015-ல் சேர்ந்த 280 மெகாவாட் நிலையங்களைக் கட்டியதில் டொயோட்டா சூஷோவுக்குப் பங்கு உண்டு, டர்பைன் தோஷிபாவுடையது. கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இன்று புவிவெப்பத்திலிருந்து வருகிறது. நான் இந்தப் பதிவைத் தட்டிக்கொண்டிருக்கும் கரன்ட்டிலும் அது இருக்கும்.

ஆனால் இந்தக் கடன்களுக்கு ஒரு குணம் உண்டு. ஜப்பானின் "ஸ்டெப்" வகைக் கடனில் வட்டி மிகக் குறைவு, திருப்பிக் கட்ட நீண்ட காலம் கிடைக்கும். பதிலுக்கு முதன்மை ஒப்பந்ததாரர் ஜப்பானிய நிறுவனமாக இருக்க வேண்டும், ஒப்பந்த மதிப்பில் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானியப் பொருளாகவும் சேவையாகவும் இருக்க வேண்டும். அதையும் நான் தப்பென்று சொல்லவில்லை, எந்த நாடும் தன் மக்களின் வரிப்பணத்தைச் சும்மா கொடுக்காது. என் ஆதங்கம், கட்டி முடித்த பிறகு அந்தத் துறைமுகத்தில் நடப்பதைப் பற்றியது. நிறைந்து வரும் கன்டெய்னர்களில் பெரும்பகுதி காலியாகத் திரும்பிப் போகிறது. ஜப்பானோடு மட்டும் பார்த்தாலும் கென்யா வாங்குவது விற்பதைப் போலப் பல மடங்கு. தேயிலை, காப்பி, ரோஜா, மக்கடேமியா கொட்டை, இவ்வளவுதான் அனுப்புகிறது. எவ்வளவு நல்ல துறைமுகம் கட்டினாலும் ஏற்றி அனுப்பச் சரக்கு இல்லாவிட்டால் அது இறக்குமதிக்கு வாசலாக மட்டும்தான் இருக்கும்.

ஏற்றி அனுப்பச் சரக்கை உண்டாக்கிய ஜப்பானியர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். யோஷியுகி சாட்டோ 1974-ல் ஒரு கென்யப் பங்குதாரரோடு சேர்ந்து நைரோபிக்குப் பக்கத்திலுள்ள திகாவில் கென்யா நட் கம்பெனியைத் தொடங்கினார். சிறு விவசாயிகளிடம் மக்கடேமியாவை வாங்கி, இங்கேயே ஓடு உடைத்து, வறுத்து, பாக்கெட்டில் போட்டு ஏற்றுமதி செய்யும் நிறுவனம். 2008-ல் தன் பங்கை அந்தப் பங்குதாரரிடமே ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். ஓடு உடைக்காத மக்கடேமியாவை அப்படியே ஏற்றுமதி செய்யக் கென்யா பின்னால் தடை போட்டது. அதிலிருந்து அவ்வப்போது விலக்குக் கொடுக்கும்போதெல்லாம் இங்கே சண்டை வருகிறது. உடைப்பது இங்கேயா வெளியிலா என்பதில் எத்தனை பேருடைய சம்பளம் அடங்கியிருக்கிறது என்று அந்தச் சண்டையைப் பார்த்தாலே புரியும்.

உகாண்டாவில் ஜப்பானின் சராயா நிறுவனம் இருக்கிறது. உள்ளூர்ச் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து வரும் ஆல்கஹாலில் ஆஸ்பத்திரிகளுக்கான கை கிருமிநாசினி செய்கிறார்கள். கொரோனா வந்து உலகமே சானிடைசருக்கு அலைந்தபோது உகாண்டாவுக்குள்ளேயே ஒரு தொழிற்சாலை இருந்தது.

நைரோபியில் இசுசு இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இங்கிருந்து வெளியேறியபோது இங்குள்ள நிறுவனத்தில் அதற்கிருந்த 57.7 சதவீதப் பங்கை இசுசு வாங்கியது. அந்த ஆலையிலிருந்து என்கியூஆர் என்ற மாடலின் சேசிஸ் வெறும் எலும்புக்கூடாக வெளியே வரும். அதன் மேல் பாடி கட்டுவது உள்ளூர்ப் பட்டறைகள். வெல்டர், தச்சர், சீட் தைப்பவர், ஒலிபெருக்கி மாட்டுபவர், கடைசியில் பக்கவாட்டில் கால்பந்து வீரர் முகத்தையோ ராப் பாடகர் முகத்தையோ வரையும் ஓவியர். ஒரு மத்தாத்து, அதாவது தனியார் மினி பஸ், ரோட்டுக்கு வருவதற்குள் இத்தனை கைகள் அதில் சம்பாதித்துவிடுகின்றன. முழுதாக இறங்கும் காரில் இந்த ஓட்டம் கிடையாது. இதனால்தான் நான் ஒரு இசுசு சேசிஸை ஐம்பது ப்ரோபாக்ஸுக்குச் சமமாக மதிக்கிறேன்.

பெரிய வர்த்தக நிறுவனங்கள் இப்போது வேறு வழியில் வருகின்றன. புதிதாகத் தொடங்காமல், ஏற்கெனவே இங்கே வேர்விட்ட நிறுவனத்தில் பங்கு வாங்குகிறார்கள். டொயோட்டா சூஷோ 2012-ல் ஆப்பிரிக்கா முழுக்க வியாபாரம் செய்யும் பிரான்சின் சிஎஃப்ஏஓ நிறுவனத்தை வாங்கியது. மிட்சுயி 2018-ல் விளைபொருள் வர்த்தகம் செய்யும் ஈடிஜியில் பங்கு எடுத்தது. கென்யாவின் தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் தலைமையில் எத்தியோப்பியாவில் 2021-ல் 85 கோடி டாலருக்குத் தொலைத்தொடர்பு உரிமம் எடுத்த கூட்டணியில் ஜப்பானின் சுமிட்டோமோ உண்டு. புத்திசாலித்தனமான வழிதான், பணமும் வரும். ஆனால் பங்குதாரராக உட்காருவதும் பட்டறை போடுவதும் ஒன்றல்ல.

வாங்கும் பக்கத்தில் ஜப்பான் கறாரான வாடிக்கையாளர். 2008-ல் எத்தியோப்பியக் காப்பியில் பூச்சிமருந்து எச்சம் கண்டுபிடித்ததும் இறக்குமதி சரிந்தது. பூவில் ஒரு பூச்சி கண்ணில் பட்டால் மொத்தச் சரக்குக்கும் புகை போட வேண்டும். தரத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தரத்துக்குப் பொருளைக் கொண்டுவரும் ஆய்வுக்கூடத்தையும் பயிற்சியையும் இங்கே வைப்பதற்கு ஒரு பாலத்துக்கு ஆகும் பணத்தில் சிறு துளி போதும். கிளிமஞ்சாரோ காப்பி என்ற பெயருக்கு ஜப்பானில் எத்தனை காலமாக மதிப்பு இருக்கிறது! அந்த மலையடிவாரத்தில் விளைவது இன்னும் பெரும்பாலும் வறுக்காத பச்சைக் கொட்டையாகத்தான் கப்பல் ஏறுகிறது.

ஜப்பானியர்கள் வந்து பார்க்கிறார்கள், குறிப்பெடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள் என்று இங்குள்ள வியாபாரிகள் குறைபட்டுக்கொள்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். அதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானியர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கென்யாவில் ஆண்டுதோறும் நிதி மசோதாவில் வரி மாறுகிறது. 2024 ஜூனில் அது தெருப் போராட்டமாகி, மசோதாவையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக்குத் திட்டம் போட்டு ஆலை கட்டுபவனுக்கு அடுத்த ஜூலையில் வரி என்னவென்று தெரியாவிட்டால் அவன் எப்படி வருவான்? உள்ளூரில் அசெம்பிளி வளர வேண்டும் என்று பேசும் அரசு, பழைய காரின் வயது வரம்பைக் குறைக்கலாம் என்று அறிவித்துவிட்டுப் பிறகு பின்வாங்கியதும் நடந்திருக்கிறது. இறக்குமதிக் காரை நம்பிப் பிழைப்பவர்களில் என் அலுவலகமும் ஒன்று. அந்த வரம்பு குறைந்தால் எங்களுக்கு வேலை குறையும். அப்படியும் அது படிப்படியாகக் குறைய வேண்டும், எந்தத் தேதியில் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறைய வேண்டும் என்பதுதான் என் கருத்து.

மொம்பாசாவுக்குத் தெற்கே டோங்கோ குண்டுவில் ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஜப்பான் உதவியில் வேலை நடக்கிறது. புறவழிச்சாலை, துறைமுகப் பக்கம், மின்சாரம் எல்லாம் அதற்காகத்தான். ஜப்பானியத் தூதரகத்தில் யாராவது தமிழ் தெரிந்தவர் இதைப் படித்தால் அவரிடம் நான் கேட்பது இதுதான்: அங்கே வெறும் கோடவுன் போடும் ஜப்பானிய நிறுவனத்துக்குக் கடைசியில் இடம் கொடுங்கள். போடா போடாவுக்கென்று ஒரு எலக்ட்ரிக் பைக்கையோ, மக்கடேமியா எண்ணெயையோ, டொயோட்டா ஹையேஸ் வேனுக்கு ஒரு பிரேக் ஷூவையோ அங்கேயே செய்ய வருபவருக்கு முதல் மனையைக் கொடுங்கள்.