பூட்டான் டூர் விளம்பரம் போடுகிறவர்களுக்கும், அதை நம்பி முன்பணம் கட்டுகிறவர்களுக்கும்

கோடை விடுமுறை நெருங்க நெருங்க வாட்ஸ்அப் குழுக்களில் பூட்டான் டூர் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். பாரோவில் மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புகழ்பெற்ற மடத்தின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் "பாஸ்போர்ட் தேவையில்லை, விசா தேவையில்லை". அடியில் முன்பணம் அனுப்ப ஒரு ஜிபே எண். இதைப் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் குடும்பம் குடும்பமாகப் பெயர் கொடுக்கிறார்கள். அந்த இரண்டு வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது பெரிய அநியாயம். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். போகத் திட்டமிட்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

இந்தியர்களிடம் பூட்டான் விசா கேட்பதில்லை. ஆனால் நுழைவு அனுமதி, எல்லாரும் பெர்மிட் என்று சொல்வது, கண்டிப்பாக வேண்டும். தரை வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மேற்கு வங்காளத்தின் ஜெய்காவ் வழியாகத்தான் நுழைகிறார்கள். அந்தப் பக்கம் இருக்கும் ஊர் ஃபுன்ட்ஷோலிங். ஒரே தெருவை நடுவில் ஒரு நுழைவாயில் கட்டிப் பிரித்தது மாதிரிதான் இரண்டு ஊரும். ஆனால் ஃபுன்ட்ஷோலிங்கைத் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதுமே ரிஞ்சென்டிங் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். பெர்மிட் இல்லாதவர் அதற்கு மேல் திம்புவுக்கும் போக முடியாது, பாரோவுக்கும் போக முடியாது.

அந்தப் பெர்மிட்டுக்குப் பூட்டான் ஏற்றுக்கொள்வது இரண்டே இரண்டு ஆவணம். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டை. இரண்டில் எதுவானாலும் அசல் கையில் இருக்க வேண்டும். ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், ரேஷன் அட்டை எதுவும் செல்லாது. 18 வயது ஆகாத பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ். அவர்கள் பெற்றோரோடோ பொறுப்பான பெரியவரோடோ வர வேண்டும்.

விதி இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இந்த ஒரு நிமிடத்தைத்தான் பல டூர்காரர்கள் செலவழிப்பதில்லை.

நம் ஊரிலிருந்து அந்த எல்லை எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். கோவை, சேலம், காட்பாடி வழியாகப் போகும் திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறினால் நியூ ஜல்பைகுரியில் இறங்கவே ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிறது. அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் நான்கைந்து மணி நேரம் வண்டியில் போனால்தான் ஜெய்காவ். அவ்வளவு தூரம் போன பிறகு "உங்கள் அட்டை செல்லாது" என்று கேட்க நேர்ந்தால், வீட்டுக்கு ஓடிவந்து எடுத்துக்கொண்டு போகவா முடியும்?

பெர்மிட் கொடுக்கும் ஃபுன்ட்ஷோலிங் அலுவலகத்தில் நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் தென் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று நின்றது. அப்பா, அம்மா, பாட்டி, கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த மகள். அப்பாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. அம்மாவும் பாட்டியும் வாக்காளர் அட்டையை நீட்டினார்கள். பாட்டியின் அட்டை பழைய கறுப்பு வெள்ளை அட்டை, ஓரமெல்லாம் நைந்திருந்தது. அதையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகத்தை ஒப்பிட்டு, ஏற்றுக்கொண்டார்கள். மகளிடம் ஆதாரும் கல்லூரி அடையாள அட்டையும் மட்டும்தான். 18 முடிந்துவிட்டது, ஆகவே பிறப்புச் சான்றிதழ் போதாது. வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்கவும் இல்லை.

மேசைக்குப் பின்னால் 'கோ' என்ற பூட்டான் ஆண்கள் உடை உடுத்திய இளைஞர் ஒருவர் இருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. வீட்டில் வேறு யாரிடமாவது இவளுடைய பாஸ்போர்ட் இருக்கிறதா, வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இந்தி வராது. அந்தப் பெண்தான் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னால் போக முடியாது என்பதை அவளே கேட்டு, அவளே தமிழில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா வெளியே போய் ஏஜென்ட்டுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. "போன மாசம்கூட ஒரு குரூப் ஆதார்லயே போச்சு சார். கொஞ்சம் பேசிப் பாருங்க சார்."

பேசிப் பாருங்க! இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இன்னொரு நாட்டின் குடிவரவு அலுவலகத்தில், எழுதி ஒட்டியிருக்கும் விதிக்கு முன்னால், மொழி தெரியாத ஒரு மனிதர் என்ன பேசிப் பார்ப்பார்? கடைசியில் அம்மாவும் மகளும் ஜெய்காவில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார்கள். "நானும் இங்கேயே இருந்துடறேன்" என்று அடம்பிடித்த பாட்டியைச் சமாதானப்படுத்தி அப்பா குரூப்போடு கூட்டிக்கொண்டு போனார். பல வருடம் பேசிப் பேசி கிளம்பிய குடும்பப் பயணம் அது.

இந்த ஆதார் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் நம் உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிப்பு கொடுத்தது. 15 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் நேபாளம், பூட்டான் போக ஆதாரைப் பயண ஆவணமாகக் காட்டலாம் என்று. "நேபாளம், பூட்டானுக்கு ஆதார் போதும்" என்ற தலைப்பு மட்டும் தனியாகக் கிளம்பி இன்றைக்கும் ஃபார்வர்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வயது வரம்பு எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதைவிட முக்கியமான ஒன்று: நம் நாட்டைவிட்டு வெளியே போக நம் அரசு எதை ஏற்கிறது என்பது வேறு, உள்ளே விட அந்த நாடு எதைக் கேட்கிறது என்பது வேறு. பூட்டானின் பட்டியலில் ஆதார் இல்லை. நம் அரசு என்ன அறிவித்தாலும் ஃபுன்ட்ஷோலிங் மேசையில் செல்லுபடியாவது அவர்களுடைய பட்டியல்தான். நேபாளத்துக்குத் தரை வழியாகப் போய் வந்தவர்களுக்கு இது இன்னும் குழப்பம். அங்கே நம்மவர்களுக்குப் பெர்மிட் என்ற பேச்சே கிடையாது. அதே நினைப்பில் பூட்டானுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். 2020இல் பூட்டான் ஒரு சட்டம் கொண்டுவந்து இந்தியப் பயணிகளுக்கும் கட்டணம் வைத்தது. எஸ்.டி.எஃப். என்பார்கள், நீடித்த வளர்ச்சிக் கட்டணம். ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1200 ரூபாய். 6 வயது முதல் 12 வயது வரை பாதி, 5 வயதும் அதற்குக் கீழும் இலவசம். அப்பா, அம்மா, பத்து வயதுப் பையன், நாலு வயதுப் பெண் என்றால் ஓர் இரவுக்கு 3000. ஐந்து இரவுக்கு 15,000. எல்லை ஊரிலேயே சுற்றிவிட்டு 24 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு மட்டும் இது கிடையாது. சொந்த வண்டியில் போனால் வண்டிக்குத் தனியாக ஒரு நாளைக்கு 4500. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "எஸ்.டி.எஃப். தனி" என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் பணத்தை எண்ணி எடுத்துவைத்துக் கிளம்புகிற ஒருவருக்குக் கடைசி நேரத்தில் தலைக்கு ஆறாயிரம் கூடினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

ஆனால் அந்தக் கட்டணத்தையே குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. "நம்ம ஆதரவு இல்லேன்னா பூட்டான் ஏது, நம்மகிட்டயே காசா" என்று அந்த அலுவலக வாசலிலேயே நின்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். சுற்றிலும் பூட்டான்காரர்கள் நின்றிருந்தார்கள். எனக்குத் தலை குனிந்துபோயிற்று. 1949இல் போட்டு 2007இல் திருத்தி எழுதிய நட்பு ஒப்பந்தம் இரண்டு நாட்டுக்கும் நடுவே இருக்கிறது, உண்மைதான். நட்பு இருப்பதால் அவர்கள் வீட்டுக் கதவை அவர்கள் பூட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆகிவிடுமா?

சுமார் ஏழே முக்கால் லட்சம் பேர் வாழும் நாடு அது. 2019இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் போனார்கள், அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள். நிலத்தில் 60 சதவீதம் எந்தக் காலத்திலும் காடாகவே இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறவர்கள், இந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கவலைப்பட்டது இயல்புதானே. அதே 2019 அக்டோபரில் தோச்சுலா கணவாயில் நினைவு ஸ்தூபி ஒன்றின் மேல் இந்தியப் பயணி ஒருவர் ஏறி நின்ற படம் பரவியது. அங்கே இருக்கும் 108 ஸ்தூபிகளும் பூட்டான் வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. 2003இல் அசாம் தீவிரவாதக் குழுக்களின் முகாம்களைத் தங்கள் காட்டிலிருந்து அகற்றப் போன வீரர்கள் அவர்கள். நம் நாட்டுப் பிரச்சினை ஒன்றைத் தீர்க்க உயிர் கொடுத்தவர்களும் அதில் உண்டு. அங்கே ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் அந்த மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

மற்ற நாட்டுக்காரர்கள் இன்றைக்கு ஓர் இரவுக்கு 100 டாலர் கட்டுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் நாட்டை மறுபடி திறந்தபோது அது 200 டாலராக இருந்தது, அடுத்த வருடம் பாதியாகக் குறைத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் நமக்கு 1200 ரூபாய் என்பது சலுகைதான். நம் ஊரிலேயே என்ன நடக்கிறது? சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பும் வந்தது, ஊட்டிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000. கல்லட்டியிலும் பர்லியாறிலும் வண்டிகள் தேங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நம் மலைக்கு நாம் கேட்கும் பாதுகாப்பை அவர்கள் மலைக்கு அவர்கள் கேட்கிறார்கள்.

அதனால் என் சண்டை விதியோடு இல்லை. விதியை மறைத்து ஆள் சேர்க்கிறவர்களோடுதான். டூர் நடத்துகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். முன்பணம் வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையோ வாக்காளர் அட்டையையோ படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இப்போது பெர்மிட்டுக்கு இணையத்திலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், கட்டணத்தையும் கட்டிவிடலாம். அப்படிச் செய்தால் ஆவணத்தில் கோளாறு இருந்தால் ஊரிலேயே தெரிந்துவிடும். எல்லையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிக்கொண்டு போகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கட்டணத்தையும் சேர்த்து மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஆவணக் கோளாறால் ஒருவர் திரும்ப நேர்ந்தால் பணம் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறவர் வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களின் அட்டைகளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பெரியவர்களின் வாக்காளர் அட்டையில் பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தால், அட்டையே தொலைந்திருந்தால், படிவம் 8 கொடுக்கலாம். கைக்குழந்தையாக இருந்தாலும் பிறப்புச் சான்றிதழ் அசல் வேண்டும், நகல் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். 18 தாண்டிய பிள்ளைகள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இப்போதே படிவம் 6 கொடுத்துப் பட்டியலில் பெயர் சேருங்கள். அட்டை கைக்கு வர நாளாகும் என்று தோன்றினால் 1500 ரூபாய் கட்டிப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டில் ஒன்று கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். இந்த மே மாதம் முடியாவிட்டால் அக்டோபரில் போகலாம், வானமும் அப்போதுதான் தெளிவாக இருக்கும்.