மஞ்சள் விழாவில் முதல் வரிசை யாருக்கு?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், நவம்பர் வந்தால் சேன் ஜோசெப் ஊரின் மலைப்பக்கம், பிளேன் தெ கிரேக் கிராமத்தில் 'சஃப்ரான்' விழா. இங்கே புதிதாக வந்த நம்மவர்கள் குங்குமப்பூ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் சஃப்ரான் என்றால் நம்ம மஞ்சள்தான்.

இந்தத் தீவில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு பயிருக்கு விழா எடுக்கிறார்கள். சலாசியில் சௌசௌவுக்கு, பிளேன் தெ பல்மிஸ்தில் சின்னச் சிவப்புக் கொய்யாவுக்கு. மே மாதத்தில் பிரா பானோன் ஊரில் நடக்கும் விவசாயக் கண்காட்சியும், ஜனவரியில் தம்போன் மேட்டில் நடக்கும் 'மியேல் வேர்' என்ற விவசாயக் கண்காட்சியும் பெரியவை. ஆடு மாடெல்லாம் வரும். என் மனசு என்னவோ சின்ன விழாக்களில்தான். கடலோரச் சரிவெல்லாம் கரும்பு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றியதும் அதற்காகத்தான். கரும்பை வாங்கிக்கொள்ள ஆலை இருக்கிறது. மேட்டில் துண்டு நிலத்தில் மஞ்சள் போடுகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? விழா நாளில்தான் வாங்குகிறவர்கள் மலையேறி அவரிடமே வருகிறார்கள்.

இங்கே ஆண்டின் நடுவில் வரும் குளிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி, கழுவி, சீவி, காயவைத்து, அரைத்து முடிப்பதற்குள் விழா வந்துவிடும். ஈரோட்டுப் பக்கம் வேகவைத்துத்தான் காயப்போடுவார்கள். இங்கே நான் பார்த்த வீடுகளில் பச்சையாகவே சீவுகிறார்கள். ஒரு வருஷம் கடை போட்டிருந்த ஒரு பாட்டி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். அவர் நகக்கண்ணெல்லாம் மஞ்சள். குப்பென்று ஒரு மண்வாசனை. எந்த நிலம், எப்போது தோண்டியது என்று கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னார்.

வேறொரு விழாவில் நடந்தது இன்னும் ஆறவில்லை. வாசலிலேயே அலங்காரமான கடை. ஒரு பொட்டலம் வாங்கினேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் வெளிநாட்டுச் சரக்கு என்று போட்டிருக்கிறது! அதே விழாவில் உள்ளூர் விவசாயிகள் கடைசி வரிசையில், பொம்மைக் கடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எந்த ஊர் விழாவானாலும் இதுதான் என் கோரிக்கை: வாசல் வரிசை விளைவித்தவருக்கு. எந்த நிலத்துச் சரக்கு என்று பலகையில் பெரிதாக எழுதி வைக்கட்டும். மற்ற கடைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்புறம் வரட்டும். நம் சங்கங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தீபாவளிச் சமையலுக்கும் கோயிலுக்கும் மூட்டையாக இறக்குமதி மஞ்சள் வாங்குகிறோமே, அதில் பாதியையாவது இந்த மலைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கலாம். விலை கூடத்தான். ஆனால் பூசைக்கு வைக்கிற மஞ்சளில் கணக்குப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பாட்டி எனக்கு இரண்டு விதைக்கிழங்கும் கொடுத்தார். தொட்டியில் நட்டேன். இங்கே பருவம் தலைகீழ். பொங்கலுக்குக் கிழங்கு பிடித்திருக்காது. மூன்று இலைதான் விட்டிருந்தது. அதில் ஒன்றைக் கிள்ளிப் பானையில் கட்டினோம்.