கடைசி மூலையில் விவசாயி

உள்ளூர் விவசாயிகளுக்கான விழா என்றுதான் அறிவிப்பில் இருந்தது. போய்ப் பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு செல்போன் உறைக் கடை, கிரெடிட் கார்டு ஆட்கள், ஒரு ராட்டினம். காய்கறி கொண்டுவந்தவர்களோ கடைசி மூலையில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. விலை சொன்னால்கூடக் காதில் விழவில்லை. மேடையில் மண்வளம் பற்றி நீண்ட பேச்சு. பேசியவர் கையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்.

சரி, அதை விடுங்கள். காய்கறி வாங்க எனக்கு முன்னால் நின்றவர், இயற்கை விவசாயத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் விவசாயியிடம் பேசிய பேரம் இருக்கிறதே! ரசாயனத்தை விட்ட நிலத்துக்கு இயற்கை விவசாயச் சான்றிதழ் கிடைக்கவே பொதுவாக 2, 3 ஆண்டுகள் ஆகும். அதுவரை மகசூல் குறைந்தாலும் பெரும்பாலும் சாதாரண விலைதான். இவருக்கு அதிலும் பாதிக்கு வேண்டுமாம். அப்புறம் போய் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றார், கேட்ட காசை அப்படியே கொடுத்து.