வேக்குவம் கசிந்தால் கியர் தாமதமாகத்தான் மாறும்

‘கியர் சீக்கிரம் மாறுகிறதா, மாடுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் கசிகிறது, மாற்றிவிடுங்கள்’ என்று சிலர் சொல்வது தலைகீழ். மாடுலேட்டர் என்பது, எஞ்சினின் வேக்குவத்தை (உறிஞ்சும் இழுப்பை) வைத்துப் பாரத்தை உணர்ந்து, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தை மாற்றும் பாகம். டர்போ ஹைட்ராமேட்டிக் 350 போன்ற பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வேக்குவம் குறைந்தால், எஞ்சின் பெரிய பாரம் இழுப்பதாக அது எடுத்துக்கொள்ளும். ஷிஃப்ட் தாமதமாகி, வெடுக்கென்று விழும். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் தெரிந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. அது வேறு கோளாறு.

சீக்கிரம் மாறினால் முதலில் கவர்னரைப் பாருங்கள்; வண்டியின் வேகத்துக்கேற்ப எண்ணெய் அழுத்தம் கொடுத்து கியரை மாற்றவைக்கும் பாகம் அது. அதன் வால்வு சிக்கிக்கொண்டால் இப்படி ஆகலாம். அப்புறம் மாடுலேட்டர் வால்வு தடையில்லாமல் நகர்கிறதா என்று பாருங்கள்.

உங்களுடையது 700ஆர்4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், த்ராட்டிலையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் த்ராட்டில் வால்வு கேபிள் தளர்ந்திருக்கலாம். தயவுசெய்து அப்படியே ஓட்டாதீர்கள்; அழுத்தம் போதாமல் கிளட்ச் வழுக்கிக் கருகிவிடும்.