பல் உடைந்தால் கொடுங்காயம்தான்

கோத்தகிரி பஸ் நிலையத்தில் ஒருவருக்குப் பல் உடைந்த தகராறைப் பற்றி, "பல்தானே உடைந்தது, தையல்கூட இல்லை, 20 நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கொடுங்காயம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு.

செய்திகளில் வரும் 'பலத்த காயம்' வேறு, சட்டம் சொல்லும் கொடுங்காயம் வேறு. எவையெல்லாம் கொடுங்காயம் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. எலும்போ பல்லோ முறிவதும் பிசகுவதும் அதில் உண்டு. எவ்வளவு ரத்தம், எத்தனை தையல் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. (பல்'தானே'யாம்! உடைந்தது தன் முன்பல்லாக இருந்தால் அந்தத் 'தானே' வந்திருக்குமா?)

20 நாள் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கணக்கு. 2024 ஜூலை 1 முதல் அது 15 நாள். அதுவும் தனி வகை, பல்லுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். அதற்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் கட்டாயமில்லை. அடிபட்ட மணிக்கட்டு வீங்கி, 15 நாள் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் வீட்டில் இருந்தாலும் பொருந்தும்.

வேண்டுமென்றே சாதாரணக் காயம் விளைவித்தால் பொதுவாக ஓராண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை. அடிபட்டவர் முதலில் மருத்துவர் தரும் காயச் சான்றிதழில் பல் முறிந்தது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும்.