வலியவர் விட்டுக்கொடுக்கலாமா?

பலம் சமமில்லாத இருவர் சதுரங்கம் ஆடும்போது, எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காக வலியவர் தெரிந்தே தவறான நகர்வைச் செய்வதைப் பெருந்தன்மை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. என்னைவிட மிகவும் வலிமையான ஒருவரை ஒருமுறை வென்று, பல நாள் மகிழ்ந்திருந்தேன். அவர் ராணியை வேண்டுமென்றே இழந்தார் என்று பின்னர் தெரிந்தபோது, அந்த ஆட்டத்தில் நான் யோசித்து ஆடிய நல்ல நகர்வுகள்கூட எனக்கு அர்த்தமற்றுப் போயின.

ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் மதிப்பிடும் எலோ தரப்புள்ளிக் கணக்கின்படி, 200 புள்ளிகள் பின்தங்கியவர் 100 ஆட்டங்களில், டிராவுக்கான அரைப்புள்ளிகளையும் சேர்த்து, சுமார் 24 புள்ளிகள் எடுப்பார் என எதிர்பார்க்கலாம்; இடைவெளி 400 ஆனால் அது ஒன்பதாகச் சுருங்கிவிடுகிறது. அரிதாகக் கிடைக்கும் அந்த ஒன்பதுக்கு மதிப்பு வருவதே, மறுபக்கம் இருந்தவர் முழு மூச்சாகப் போராடியதால்தான். 2004இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் நடந்த அதிவேகச் சதுரங்கப் போட்டியில், பின்னாளில் உலகச் சாம்பியனான மாக்னஸ் கார்ல்சன், தம் 13 வயதில், அன்றைய உலகின் முதல்நிலை வீரர் காஸ்பரோவுடன் டிரா செய்தார். அடுத்த ஆட்டத்தில் தோற்றார். காஸ்பரோவ் இரக்கப்பட்டு அந்த அரைப்புள்ளியை வழங்கியிருந்தால், இன்று அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஆட்டத்தைச் சமப்படுத்த விரும்பினால், அதற்கு வெளிப்படையான பழைய வழி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சதுரங்க மேதை பால் மார்ஃபி போன்றவர்கள் தங்கள் குதிரையையோ யானையையோ தொடக்கத்திலேயே பலகையிலிருந்து எடுத்துவிட்டு ஆடினார்கள். இடைவெளி குறைவாக இருந்தால், வலியவர் கறுப்பில் ஆடி, ராஜாப் பக்கத்து மந்திரியின் முன்னுள்ள சிப்பாயை மட்டும் எடுத்துவிடுவார். சலுகை என்னவென்று இருவருக்கும் தெரியும். அதன்பின் ஒளிவுமறைவு இல்லை.

எளியவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவரும் சமமான காய்களுடன் தொடங்கிய ஆட்டத்தில், காய்களையெல்லாம் வெட்டிக் குறைத்துவிட்டால் டிரா கிடைக்கும் என்று நம்பி அவசரப்படுபவர்கள், சில காய்களே மிஞ்சியிருக்கும், நுணுக்கமான அறிவு மிகவும் தேவைப்படும் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்துக்குத் தாங்களாகவே போய்ச் சேருகிறார்கள். குதிரைச் சலுகையுடன் ஆடும்போதோ நிலைமை நேர்மாறானது: காய்க்குக் காய் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு பரிமாற்றமும் அந்தக் கூடுதல் குதிரையின் எடையைக் கூட்டுகிறது. எதிராளி பரிமாற்றத்தைத் தவிர்த்துக்கொண்டே செல்வார்; அவரை அதற்குக் கட்டாயப்படுத்தத் தெரிந்துகொண்டவர், அடுத்தமுறை குதிரைக்குப் பதிலாகச் சிப்பாய் மட்டும் போதும் என்று கேட்கலாம்.